கணக்குப்பிள்ளை போனால் போகட்டும்

எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் எட்டு வருஷமாக ஒரு கறுப்புப் பெட்டி 'உம்ம்...' என்று முனகிக்கொண்டே இருந்தது. இரவில் விருந்தாளிகள் யாராவது தங்கினால், "என்னங்க அது, மோட்டார் நிறுத்தலையா?" என்று கேட்பார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. போன வருஷம் ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி கரண்ட் நாலைந்து முறை போய்ப் போய் வந்தது. காலையில் எழுந்தபோது வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. பெட்டி முனகவில்லை.

பட்டனை அழுத்தினேன். ஒன்றுமில்லை. பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினேன். ஒன்றுமில்லை. லேசாகத் தட்டினேன். (சிரிக்காதீர்கள், நீங்களும் தட்டுவீர்கள்.) இந்த மாதிரி மழைக்காகத்தான் யூ.பி.எஸ். வாங்கி வைத்திருந்தேன். அதன் பேட்டரி செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்துக்கொள்வேன்.

காபி கொண்டுவந்த மனைவி கேட்டாள். "ஏங்க, அதுல இருக்கறதுக்கு இன்னொரு காப்பி வெச்சிருக்கீங்கள்ல?"

நான் காபியைக் குடித்தேன்.

விஷயம் இதுதான். 2004 டிசம்பரில், தனுஷ்கோடி புயலின் நாற்பதாவது வருஷத்துக்காக ராமேஸ்வரம் போயிருந்தேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி கடல் உள்ளே வந்து, ரயிலோடு சேர்த்து ஒரு ஊரையே கொண்டுபோன கதை உங்களுக்குத் தெரியும். அதில் தப்பித்தவர்களைத் தேடித் தேடிப் பேச வைத்தேன். சின்ன மைக்ரோ கேஸட்டுகள், மொத்தம் இருபத்து மூன்று. கட்டுரை வந்த வாரமே சுனாமி வந்துவிட்டது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கடலைப் பற்றி அந்த வாரம் யார் படிப்பார்கள்? கேஸட்டுகளை அட்டைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

2010-ல் அத்தனையையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். நல்ல காரியம். ஏனென்றால் 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் சைதாப்பேட்டை வீட்டின் தரைத்தளத்துக்குள் வந்தபோது, அட்டைப் பெட்டி கஞ்சியாகிவிட்டது. லாப்டாப் மட்டும் பரண்மேல் இருந்ததால் பிழைத்தது. அந்த பயத்தில்தான் 2016-ல், மாடி வீட்டுக்குக் குடிவந்த கையோடு, அக்கா பையன் இந்தக் கறுப்புப் பெட்டியைச் செய்து கொடுத்தான். வீட்டுப் போட்டோ, கல்யாண வீடியோ, என் இருபது வருஷப் பேட்டிகள் எல்லாம் அதில் போயின. பரணேறிப் பிழைத்த லாப்டாப் இரண்டு வருஷம் கழித்துத் தன் ஆயுள் முடிந்து செத்துப்போனது. நான் கவலைப்படவில்லை. அதான் பெட்டி இருக்கிறதே!

தனுஷ்கோடியில் என்னிடம் பேசியவர்களில், எனக்குத் தெரிந்து, இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை. அவர்கள் குரல் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. அந்த இடம் முனகுவதை நிறுத்திவிட்டது.

முதலில் ஒரு தப்பு செய்தேன். அக்கா பையன் பெங்களூரில் இருக்கிறான், அவனை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்தார், மோந்து பார்த்தார். "போர்டு போயிருச்சு சார். டேட்டாவும் போயிருக்கும். ரெக்கவரிக்கு நாப்பதாயிரம் ஆகும், கேரன்ட்டி கிடையாது" என்றார். பிறகு "எதுக்கும் பாத்துருவோம்" என்று ஒரு டிஸ்க்கைக் கழற்றித் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினார். அது திரையில், இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று பணிவாகச் சொல்லி, ஓகே பட்டனையும் காட்டியது. அவர் கை மவுஸை நோக்கிப் போனது.

"ஐயோ, வேணாம்!" என்று நான் கத்தியதில் வாசலில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்த ஓகேயை அழுத்தியிருந்தால் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கிழித்த மாதிரி. அடுத்தது ஃபார்மட் என்று கேட்டிருக்கும். விண்டோஸுக்குத் தெரியாத பாஷையில் எழுதிய டிஸ்க் எல்லாமே அதற்கு வெற்று டிஸ்க்தான். நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கிற காகிதத்தில் வடை மடித்துக் கொடுப்பதில்லையா, அது போல.

பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து போன் செய்தேன். அக்கா பையன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, யாராவது ஏதாவது ஓகே குடுத்தாங்களா?"

"இல்லடா."

"அப்ப பயப்படாதீங்க. போர்டுதானே போச்சு? நான் சனிக்கிழமை வரேன். அதுவரைக்கும் யாரும் தொட வேணாம்."

நான் பி.காம். எனக்கு எதுவும் கணக்காகச் சொன்னால்தான் ஏறும். வந்தவன் அப்படியே சொன்னான். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மதர்போர்டு என்பது கணக்குப்பிள்ளை. ஹார்டு டிஸ்க்குகள் பேரேடுகள். கணக்குப்பிள்ளை திடீரென்று மண்டையைப் போட்டால் பேரேட்டில் எழுதியது அழிந்துவிடாது. புதுப்பிள்ளை வந்து திறந்து படிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. பழையவர் எல்லோருக்கும் தெரிந்த முறையில் எழுதியிருக்க வேண்டும். சில பெட்டிகளில், பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் வேலையை அதற்கென்று இருக்கிற ஒரு கார்டோ, போர்டிலேயே உள்ள சிப்போ செய்யும். அது கணக்குப்பிள்ளை தன் சொந்தச் சுருக்கெழுத்தில் எழுதுகிற மாதிரி. அவர் போனால் அதே ஊர், அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளையைத் தேட வேண்டும். அதாவது அதே வகைக் கார்டு. எட்டு வருஷம் கழித்து அது எங்கே கிடைக்கும்?

எங்கள் பெட்டியில் அந்த வேலையை மென்பொருள் செய்கிறது. ஃப்ரீநாஸ் என்று இலவசமாகக் கிடைத்தது, இப்போது ட்ரூநாஸ் என்று பெயர். அது டிஸ்க்கில் எழுதுகிற முறைக்கு இசட்.எஃப்.எஸ். என்று பெயர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் உருவாகி, 2005-ல் மூலநிரலோடு வெளியே வந்தது. அதில் ஒரு அழகு என்னவென்றால், ஒவ்வொரு டிஸ்க்கும் தான் யார், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று தன் மேலேயே நான்கு இடத்தில் எழுதி வைத்திருக்கிறது. தலையில் இரண்டு, காலில் இரண்டு. எந்த போர்டில், எந்த வரிசையில் மாட்டினாலும் 'நாங்கள் நாலு பேரும் ஒரே குடும்பம்' என்று சொல்லிக்கொண்டு வந்துவிடும்.

நாலு டிஸ்க் ஏன்? ஒன்று செத்தாலும் தாங்குவதற்கு. மூன்று டிஸ்க்கில் 5, 7, 8 என்று எழுதி, நான்காவதில் மொத்தம் 20 என்று எழுதினால், எந்த ஒன்று காணாமல் போனாலும் மற்ற மூன்றை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கம்ப்யூட்டர் செய்வது கொஞ்சம் வேறு மாதிரிக் கூட்டல், மொத்தத்தையும் ஒரே டிஸ்க்கில் வைக்காமல் மாற்றி மாற்றி வைக்கும். ஆனால் தத்துவம் இதுதான். ஒவ்வொன்றும் 4 டி.பி. (டெராபைட். காசநோய் அல்ல.) நாலு டிஸ்க் வாங்கினால் மூன்றின் இடம்தான் நமக்கு. ஒன்று இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

சனிக்கிழமை வந்தவுடன் பையன் செய்த முதல் வேலை, டிஸ்க்குகளில் 1, 2, 3, 4 என்று ஸ்டிக்கர் ஒட்டி, ஒயர்கள் எப்படி இருக்கின்றன என்று செல்போனில் போட்டோ எடுத்தது. இரண்டாவது, டிஸ்க்குகளின் ஒயரையெல்லாம் கழற்றியது. "வைத்தியம் பாக்கறப்ப குழந்தைங்கள வெளியில உக்கார வெக்கணும் மாமா."

போர்டுதான் போனதா, பவர் சப்ளையா என்று பார்க்க வேண்டும். தன்னிடமிருந்த வேறொரு பவர் சப்ளையைக் கொண்டுவந்திருந்தான். ஒயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற ரகம். எங்கள் பழையதும் அதே ரகம். நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று, டிஸ்க்குகளுக்குப் போகிற எங்கள் பழைய ஒயரை எடுத்து அவனுடைய பவர் சப்ளையில் செருகினேன். அழகாகப் பொருந்தியது.

அவன் என் கையைத் தட்டிவிட்டான். அக்கா பையன் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை.

டிஸ்க் பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்கத்து முனைக்கு அப்படி ஒரு பொது விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல், உள்ளே கம்பி வரிசை மாறும். பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். அப்படியே டிஸ்க்குகளையும் மாட்டி சுவிட்சைப் போட்டிருந்தால் நாலும் ஒரே நொடியில் போயிருக்கும். ஒன்று செத்தால் தாங்கும் கணக்கு, நாலும் செத்தால் என்ன செய்யும்? இடி செய்யாததை நான் செய்திருப்பேன். ஒயரை அந்தந்த பவர் சப்ளையோடேயே பயன்படுத்துங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பவர் சப்ளையை மாற்றியும் பெட்டி எழவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் போர்டில் இரண்டு கெபாசிட்டர்கள் வயிறு உப்பியிருந்தன. முடிவு தெரிந்துவிட்டது.

ரிச்சி தெருவுக்குப் போனோம். அதே மாடல் கிடைக்கவில்லை. மூன்றாவது மாடியில் ஒரு கடையில், பழைய பிராஸஸரும் மெமரியும் பொருந்துகிற மாதிரி வேறு கம்பெனி போர்டு ஒன்று இருந்தது. செகண்ட் ஹேண்ட். கடைக்காரர் எங்கள் எதிரிலேயே ஓட விட்டுக் காட்டினார். 3,800 சொன்னார். பையன் 3,200-க்கு முடித்தான். நாற்பதாயிரம் எங்கே, மூவாயிரத்து இருநூறு எங்கே!

புதுப் போர்டை மாட்டிவிட்டு உடனே டிஸ்க்கைச் செருகுவான் என்று பார்த்தால், இல்லை. மெமரியைச் சோதிக்கும் புரோகிராமை ராத்திரி முழுக்க ஓட விட்டான். இசட்.எஃப்.எஸ். மெமரியில் வைத்துப் பார்த்துத்தான் எதையும் எழுதும். புதுக் கணக்குப்பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்காமல் பேரேட்டைக் கொடுக்கலாமா? காலையில் பிழை பூஜ்யம் என்று காட்டியது. பிறகு பயாஸுக்குள் போய் தேதியைச் சரி செய்தான், டிஸ்க்குகளை 'ரெய்டு' முறையில் அல்ல, 'ஏ.ஹெச்.சி.ஐ.' முறையில் பார்க்கும்படி மாற்றினான். போர்டு தானும் கெட்டிக்காரன் என்று நினைத்து டிஸ்க்குகளில் எதையாவது எழுதிவிடக் கூடாது.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு நாலு டிஸ்க்கையும் மாட்டினான். எங்கள் பழைய பூட் பென் டிரைவைத் தொடாமல், அதே மென்பொருளைப் புதிதாக ஏற்றிய வேறொரு பென் டிரைவில் கிளப்பினான். 'இசட்பூல் இம்போர்ட்' என்று மட்டும் தட்டினான். பெயர் எதுவும் கொடுக்காமல் அப்படித் தட்டினால் அது எதையும் தொடாது, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து மட்டும் சொல்லும்.

மனைவியும் கரண்டியோடு வந்து நின்றாள். திரையில் பெட்டியின் பெயர் வந்தது. அதன் கீழே நாலு வரி. நாலு வரியின் கடைசியிலும் 'ஆன்லைன்'.

சத்தியமாகச் சொல்கிறேன், பையனின் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

"இப்ப எழுதாம, படிக்க மட்டும் தொறக்கறேன்" என்றான். ஒழுங்காக விடைபெறாமல் செத்த போர்டு என்பதால், 'இது வேறு ஒருவர் கையில் இருந்தது' என்று அது ஆட்சேபித்தது. வற்புறுத்தித் திறக்க ஒரு எழுத்து சேர்க்க வேண்டும், சேர்த்தான். திறந்தது. "முதல்ல எது வேணும் மாமா?"

தனுஷ்கோடி ஃபோல்டர் என்றேன். நெட்வொர்க் வழியாக என் லாப்டாப்புக்குப் போக ஆரம்பித்தது. சீக்கிரமே முடிந்துவிட்டது. நான் ஏமாற்றமாக, "அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான். ஏழு ஜி.பி. சொச்சம்."

ஏழு ஜி.பி.! இருபத்து மூன்று மணி நேரம், ஒரு ஊரின் கடைசிச் சாட்சிகள், ஒரு சாதாரண பென் டிரைவில் கால்வாசிகூட நிரம்பாது. எட்டு வருஷத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பத்து நிமிஷம் ஒதுக்கி இதை நான் செய்திருக்கலாம். 12 டி.பி. கொள்கிற பெட்டி இருக்கிறது என்ற திமிரில் செய்யவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது காமெடி. பழைய பூட் பென் டிரைவைப் போட்டுக் கிளப்பினால் பெட்டி முனகுகிறது, ஆனால் பிரவுசரில் வரவே இல்லை. எனக்கு மறுபடி வியர்த்தது. டி.வி.யை இழுத்துவந்து மானிட்டராக மாட்டிப் பார்த்தோம். பழைய போர்டின் நெட்வொர்க் சிப் ஒரு கம்பெனி, அதற்குப் பெயர் 'ஆர்.இ.0'. புதுசு வேறு கம்பெனி, பெயர் 'இ.எம்.0'. வீட்டு விலாசத்தைப் பழைய பெயருக்கு எழுதி வைத்திருக்கிறது, புதுசுக்கு யாரும் சொல்லவில்லை. மெனுவில் முதல் ஐட்டத்தைத் தேர்ந்தெடுத்து விலாசத்தைக் கொடுத்ததும் வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்தும் பெட்டி தெரியாமல் போனால், உடனே டிஸ்க்கைச் சந்தேகப்படாதீர்கள்.

கடைசியாக ஆடிட். 'ஸ்க்ரப்' என்று பெயர். எழுதியிருக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் தனியாக எழுதி வைத்திருக்கும். எல்லாவற்றையும் மறுபடி படித்து எண்ணை ஒத்துப் பார்க்கும். ராத்திரி முழுக்க ஓடியது. மூன்றாம் நம்பர் டிஸ்க்கில் பதினான்கு பிழை, திருத்தப்பட்டது என்று வந்தது. டிஸ்க் அல்ல, எட்டு வருஷப் பழைய டேட்டா ஒயர் தளர்ந்திருந்தது. நூறு ரூபாய் ஒயரை மாற்றி மறுபடி ஓட்டினோம். பூஜ்யம்.

ஊருக்குக் கிளம்பும்போது பையன் சொன்னான். "மாமா, இது பேக்கப் இல்ல. நாலு டிஸ்க்கும் ஒரே பெட்டியில இருக்கு, பெட்டி ஒரே வீட்டுல இருக்கு. ஒரு டிஸ்க் செத்தா வேலை நிக்காம இருக்கும், அவ்வளவுதான். நீங்களே தப்பா ஒரு ஃபோல்டர டெலிட் பண்ணா, நாலுலயும் ஒழுங்கா டெலிட் ஆகும்."

1998-ல் 'டாய் ஸ்டோரி 2' படத்துக்கு இதுதான் நடந்தது. பிக்ஸார் ஸ்டூடியோவில் யாரோ ஒரு அழிக்கும் கட்டளையைக் கொடுக்க, படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரில் காணாமல் போனது. பேக்கப் இருந்தது, ஆனால் அது சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கேலின் சூஸ்மன் என்ற பெண்மணி, கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்தது. போர்வை சுற்றி, காரில் பத்திரமாக எடுத்துவந்து படத்தைக் காப்பாற்றினார்கள். வேறொரு கட்டடத்தில் இன்னொரு காப்பி. அவ்வளவுதான் தத்துவம். 3-2-1 என்பார்கள். மூன்று காப்பி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு இடத்தில்.

வேறு இடம் என்றால் எது? யோசித்தேன். கேஸட்டுகளில் எனக்கு மறக்கவே முடியாத குரல் ஒரு பாட்டியுடையது. "தண்ணி வந்துச்சுன்னு எழுதாதே தம்பி, கடல் வந்துச்சுன்னு எழுது" என்றவர். போன வீட்டில் என்னென்ன இருந்தது என்று அவர் சொன்னது நாலு நிமிஷம் ஓடும். பித்தளைக் குடம் மூன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, மாமியார் கொடுத்த குத்துவிளக்கு, காயப்போட்ட புடவை ரெண்டு... என்று நிறுத்தாமல், ஸ்டாக் லிஸ்ட் மாதிரி. நாற்பது வருஷமாக அந்த வீட்டுக்கு இருந்த ஒரே காப்பி அவர் ஞாபகம்தான். 2011-ல் அவரும் போய்விட்டார்.

பழைய டைரியில் நம்பர் தேடி, நாலு பேரைப் பிடித்து, அவருடைய பேத்தி ராமநாதபுரத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். ஒரு பென் டிரைவில் பாட்டியின் கேஸட்டை ஏற்றி கூரியரில் அனுப்பினேன். இருபது வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது. எனக்குத் தோன்றவே இல்லை. பேட்டி எடுத்தவன் நான், அதனால் அது என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் போன் வந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பெண் பேசவில்லை. பிறகு, "ஆச்சி எங்ககிட்ட புயலப் பத்திப் பேசுனதே இல்ல சார். கேட்டா எந்திரிச்சுப் போயிரும். அந்தக் குத்துவிளக்கு பத்தியெல்லாம் எங்கம்மாவுக்கே தெரியாது" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே கேட்டார்.

"சார், இது எங்கிட்ட தொலஞ்சுட்டா... உங்ககிட்ட இன்னொரு காப்பி இருக்குல்ல?"

இந்தத் தடவை காபி குடிக்க வேண்டியிருக்கவில்லை.

"இருக்கும்மா. ரெண்டு இருக்கு."